மலையகத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இப்போது டவுனில் இருக்கிறேன். சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன் என்று எங்கிருந்து யார் வந்தாலும் புறப்படும் முன் எனக்கு ஒரு போன் வரும். ஒரே கேள்விகளுக்கு வருடக்கணக்காகப் பதில் சொல்லி வந்ததில், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, மலையகம்னா நுவரெலியா தானே?

நுவரெலியா அதில் ஓர் ஊர், அவ்வளவுதான். கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைப்பகுதியைத்தான் பொதுவாக மலையகம் என்கிறோம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களையும் எங்கள் ஆட்கள் அதோடு சேர்த்தே பேசுவார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை, 2,524 மீட்டர்.

மூன்று நாள் லீவில் எல்லா ஊரையும் பார்க்க நினைக்காதீர்கள். மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று ஒரு பக்கம், அல்லது பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல என்று மறுபக்கம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சுற்றுங்கள்.

எந்த மாசம் வந்தா மழை இருக்காது?

ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மற்ற மாதங்களில் எந்தச் சரிவு என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் நனைந்து கிடக்கும். அதே நேரத்தில் மலைமுதுகுக்கு அந்தப்பக்கம் ஊவாவில், அதாவது பண்டாரவளை, பதுளைப் பக்கம், வறண்ட கச்சான் காற்று வீசும். அக்டோபருக்குப் பிறகு ஊவாவுக்கு மழை.

தேயிலையின் ருசியும் இந்தக் காற்றில்தான் இருக்கிறது. வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடும். அதனால் ஊவாவின் நல்ல தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், எங்கள் பக்கத்து டிக்கோயா, டிம்புலத் தேயிலை வருடத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கிடைக்கும்.

ரொம்பக் குளிருமா?

நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். மற்ற ஊர்களுக்கு ஒரு சுவெட்டரும் காதை மூட ஒரு துண்டும் போதும். சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும் காலுறை இரண்டு சோடி கூடுதலாக வையுங்கள், ஈரம் காயாது.

அங்க இருக்கிற தமிழங்க எல்லாம் இந்தியாக்காரங்கதானே?

இல்லை. நாங்கள் இலங்கையர். எங்கள் முன்னோர் 1820கள் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு அந்தத் தொழில் படுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகளின் பெயர்கள் இல்லை. அவர்களில் பலர் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம்.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் வருடமே குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாகப் பங்கிட்டார்கள். மீதம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சனத்தொகைக் கணக்கில் நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்' என்றே போட்டார்கள். நாங்கள் எங்களைச் சொல்வது மலையகத் தமிழர் என்று. 'தோட்டக்காட்டான்', 'கூலி' ஆகிய சொற்களை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அது எங்களுக்கு வசவு.

நீங்கள் கதைக்கிறது எங்கட தமிழ் மாதிரி இல்லையே, அங்க வந்தால் விளங்குமோ?

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பது. நன்றாக விளங்கும். நீங்கள் கதைப்பீர்கள், நாங்கள் பேசுவோம். எங்கள் பேச்சு தமிழ்நாட்டுச் சாயலில் இருக்கும், ஆனால் அதற்குள் தோட்டத்துச் சொற்கள் நிறைய. வீட்டு அறை 'காம்பரா'. முன்வாசல் திண்ணை 'இஸ்தோப்பு'. மலை என்றால் தேயிலை நட்ட வயல்: "அம்மா ஆறாம் நம்பர் மலையில நிக்குது" என்று பிள்ளை சொன்னால் ஏதோ சிகரத்தில் நிற்பதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் 'பெரட்டுக்களம்'. தேயிலைச் செடியை வெட்டிவிடுவது 'கவ்வாத்து'.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். அதனால் சிங்களக் கடைக்காரர் உங்களை அய்யா என்று கூப்பிட்டால் உறவு முறையில் கூப்பிடுகிறார். நீங்களும் அவரை அப்படியே கூப்பிடலாம், சந்தோஷப்படுவார். சின்னவர் என்றால் 'மல்லி', பெண் என்றால் 'நங்கி'. அக்கா இரண்டு மொழியிலும் அக்காதான்.

ஹோட்டல்ல உட்கார்ந்ததும் நாங்க கேட்காமலே ஒரு தட்டு நிறைய பலகாரம் வச்சிட்டாங்க. பில்லுல எல்லாத்தையும் போட்டுடுவாங்களா?

இல்லை, பயப்பட வேண்டாம். இங்கே வழக்கமே அதுதான். ரோல்ஸ், கட்லட், வடை, முக்கோண ரொட்டி, மாலு பாண் (மீன் வைத்த பன்) என்று தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்துச் சாப்பிட்டதை எண்ணி அதற்கு மட்டும் காசு வாங்குவார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அதனால்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கக்கூடாது.

நாங்க சுத்த சைவம், சமாளிக்க முடியுமா?

முடியும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை எங்கும் சைவக் கடைகள் உண்டு. கவனிக்க வேண்டியது மாசிக் கருவாடு. மாலைதீவிலிருந்து வரும் காய்ந்த மீனை இடித்துச் சம்பலிலும், சில இடங்களில் கத்தரிக்காய், பருப்புக் கறியிலும்கூடப் போடுவார்கள். பார்த்தால் தெரியாது. "மாசி போட்டதா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சிங்களக் கடையில் "உம்பலகட நெதுவ" என்றால் மாசி இல்லாமல் என்று அர்த்தம். முக்கோண ரொட்டியிலும் மீன் வைத்தது, மரக்கறி வைத்தது இரண்டும் ஒரே தட்டில் வரும். கேட்காமல் எடுக்காதீர்கள்.

மலையகத்துக்குன்னு தனியா சாப்பாடு என்ன இருக்கு?

ரொட்டி. இதை முதலில் சொல்லாவிட்டால் என் அம்மா மன்னிக்கமாட்டார். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கை மொத்தத்துக்குத் தட்டி, எண்ணெய் இல்லாமல் தாச்சியில் சுடுவது. தொட்டுக்கொள்ள கட்டச் சம்பல். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, இருந்தால் கொஞ்சம் மாசி, எல்லாவற்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டித் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவார்கள். மிளகாய் முழுதாக அரைபடக்கூடாது, விதை பல்லில் கடிபட வேண்டும். விடியற்காலை நாலரைக்கு அடுப்படியிலிருந்து வரும் அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம். இரண்டு ரொட்டியைச் சம்பலோடு சுற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு அம்மா மலைக்குப் போய்விடுவார். மழையில் நனைந்து நின்று சாப்பிட்டாலும் அந்த ரொட்டி ஊறிப் போகாது. சோற்றைவிட அது வயிற்றில் நிற்கும். ரேஷன் வெட்டப்பட்ட 1973, 74 பஞ்ச காலத்தைக் கடந்தவர்கள் மாவுத் தூளைக்கூடக் கீழே சிந்தவிடமாட்டார்கள், இன்றைக்கும்.

மற்றபடி சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் விளைந்த கீரை. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அறுத்துக் கூறு போடுவார்கள். கூறு எல்லாம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரியவர் ஒருவர் கூடவே நிற்பார்.

கண்டிப் பக்கம் போனால் சிங்களவர் வீட்டுச் சாப்பாட்டையும் விடாதீர்கள். பாற்சோறும் லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பலும், எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு) ஊற்றியது, ஏப்ரல் புத்தாண்டுக்கு என்றால் கொக்கிஸ், கெவும் என்ற பலகாரங்கள். கித்துள் பாணி என்று சீனிப்பாகை விற்பவர்களும் உண்டு. தெரிந்தவர் கைகாட்டும் கடையில் வாங்குங்கள்.

தேயிலை விளையுற ஊர்ல நல்ல டீயே கிடைக்கலையே, ஏன்?

நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறிவிடும். டீக்கடைக்கு வருவது டஸ்ட், அதாவது பொடி ரகம். கடுஞ்சாயம் இறங்கும், மணம் குறைவு. அதில் பால்மாவும் சீனியும் போட்டு அடித்தால் எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. தோட்டத்துச் சனத்துக்கு மாதாமாதம் கிடைக்கும் தூளும் அந்த ரகம்தான்.

நல்லதைக் குடிக்க வேண்டுமென்றால் சுற்றிக் காட்டும் ஃபெக்டரிகளில் ஒன்றுக்குப் போங்கள். அப்புத்தளைக்குப் பக்கத்து தம்பேதன்ன ஃபெக்டரி 1890இல் தாமஸ் லிப்டன் கட்டியது. கொழுந்து வாடுவது, உருட்டுவது, புளிப்பது, காய்வது எல்லாம் பார்க்கலாம். நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் இருபத்தோரு, இருபத்திரண்டு கிலோ தூள்தான் கிடைக்கும். பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எப். என்று ரகம் போட்ட பாக்கெட்டை வாங்கி, அப்போதுதான் கொதித்த தண்ணீரில் மூன்று நாலு நிமிடம் ஊறவிட்டு, பால் விடாமல் குடியுங்கள். இங்கே அதற்குப் பிளேன் டீ. நாங்கள் சாயத்தண்ணி என்போம். சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பது பழைய வழக்கம், ஒரு தடவை செய்து பாருங்கள்.

கொழுந்து பறிக்கிற பெண்களோட நின்னு போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். கேட்காமல் எடுக்கக்கூடாது. என் அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஒருநாள் டவுனில் ஒரு கடைச் சுவரில் தன் முகத்தையே பெரிய படமாகப் பார்த்தார். எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று தெரியாது. தலையில் கிழிந்த துணி, இடுப்பில் படங்குச் சாக்கு. "நல்ல சீலை கட்டியிருந்த நாள்ல எடுத்திருக்கக் கூடாதா?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தப் படத்தால் யார் சம்பாதித்தாரோ, அம்மாவுக்கு ஒரு பிரதி கூடக் கிடைக்கவில்லை.

அவர்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அது குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அதனால் பறித்துக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் நிறுத்தி வைப்பது அவர்கள் காசில் கை வைப்பது. கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு போய்ப் பேசுங்கள். பெரிய சாலையோரம் சில இடங்களில் கூடையோடு நின்று காசுக்குப் படம் எடுக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை, பேசிய காசைக் கொடுத்துவிடுங்கள்.

தேயிலைக்குள்ள நாங்களே நடந்து போகலாமா?

தோட்டத்து ரோட்டில் நடக்கலாம். செடிகளுக்குள் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிடுங்கி எறியாமல் சவர்க்காரமோ உப்போ தேசிக்காயோ தடவினால் தானே விழுந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து குளவி. மரத்திலும் பாறையிலும் கூடு கட்டியிருக்கும், கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் எங்கள் பக்கம் அபூர்வம், உயிரே போனதும் உண்டு. வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம் போகாதே என்றால் போகாதீர்கள்.

லயத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. என்ன கொண்டுபோறது, எப்படி நடந்துக்கிறது?

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட் பாக்கெட், பாண் எதுவானாலும் சரி. விலை உயர்ந்த சாமான் கொண்டுபோனால் திருப்பிச் செய்ய முடியாதே என்று அவர்களுக்குச் சங்கடம். செருப்பை இஸ்தோப்புக்கு வெளியே விடுங்கள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் இருக்கும் வீடு. பழைய காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் உங்களை உட்கார வைக்க இருக்கும் ஒரே கதிரையைத் துடைத்துப் போடுவார்கள். உட்காருங்கள், "நீங்க உட்காருங்க" என்று இழுபறி வேண்டாம். முதலில் தண்ணி, பிறகு தேத்தண்ணி வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பால் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் பிள்ளையை ஓடவிட்டிருப்பார்கள். "சாயம் போதும், எனக்கு அதுதான் பிடிக்கும்" என்று முன்கூட்டியே சொல்வது நல்ல வழி. கழிவறை வெளியே தள்ளி இருக்கலாம், கூச்சப்படாமல் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

அப்போ லயங்களைச் சுத்திக் காட்டுற டூருக்குப் போகலாமா? வறுமையை வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆயிடாதா?

ஆகும். பழைய லயத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் கம்பளைக்குப் பக்கத்து ரக்ஸாவையில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. லயக் காம்பராக்களையே அதற்கு எடுத்திருக்கிறார்கள். முன்னோர் பாவித்த சாமான், கருவிகள் எல்லாம் உண்டு. மனிதர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, முந்தின பதிலில் சொன்ன மாதிரி, யாராவது கூப்பிட்டால் விருந்தாளியாகப் போங்கள்.

பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் வீசுவதும் வேண்டாம். கொடுக்க மனசிருந்தால் தோட்டத்துப் பாடசாலை அதிபரைப் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள்.

திருவிழா பார்க்க எப்ப வரணும்?

மாத்தளை முத்துமாரியம்மன் தேர் மாசி மகத்துக்கு. அதுதான் மலையகத்தின் பெரிய தேர். கண்டி எசலப் பெரஹரா ஜூலை-ஆகஸ்டில், கண்டி நடனமும் யானையும் தீப்பந்தமுமாகப் பத்து நாள்.

எனக்குக் கேட்டால் மாசியில் ஒரு தோட்டத்துக்கு வந்து காமன் கூத்தைப் பாருங்கள் என்பேன். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, மன்மதனும் ரதியும் வேஷம் கட்டி, சிவன் கண்ணால் காமன் எரிவது வரைக்கும் ஊரே விழித்திருக்கும். தப்புப் பறை அடிக்கிறவர் அடியை மாற்றும்போது அடுத்து யார் வரப்போகிறார் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோட்டத்துக் கோயில்களில் மாரியம்மனோடு ரோதமுனி, கவ்வாத்துசாமி போன்ற தெய்வங்களையும் காண்பீர்கள். ரோதை என்றால் சக்கரம். ஃபெக்டரி மிஷினில் கை போகாமல் காப்பவர் ரோதமுனி. இந்தச் சாமிகள் இந்தியாவிலிருந்து வரவில்லை, இந்த மலையில் வேலை செய்தவர்களின் பயத்திலும் நம்பிக்கையிலும் பிறந்தவர்கள்.

தலதா மாளிகைக்கு நாம போகலாமா? என்ன உடுத்தணும்?

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் அந்தக் கோயிலுக்கு யாரும் போகலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வெள்ளை உடுப்பு நல்லது. செருப்பும் தொப்பியும் வெளியே. எந்த விகாரையிலும் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அது பெரிய அவமரியாதை, பொலிஸ் வரைக்கும் போகும். பௌர்ணமி நாள் போயா விடுமுறை, அன்று சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும்.

சிவனொளிபாத மலை யாருடைய கோயில்? என்னால ஏற முடியுமா?

உச்சியில் உள்ள பாதம் பௌத்தர்களுக்குப் புத்தருடையது, நமக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது, கிறிஸ்தவர்களில் பலருக்குத் தோமாவுடையது. படியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துத்தான் ஏறுகிறோம். பருவம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைக்கும். உயரம் 2,243 மீட்டர், நல்லதண்ணி என்ற ஊர்ப் பக்கமாக ஏறினால் படி ஐயாயிரத்துக்கு மேல்.

இராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சியில் இருக்கலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் காற்று வெட்டும், காய்ந்த சட்டை ஒன்றைப் பையில் கொண்டுபோய் மாற்றுங்கள். எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை தடவை அங்குள்ள மணியை அடிக்க வேண்டும். சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள், மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் விழுந்திருக்கும்.

என் தாத்தா கண்டிச்சீமையிலிருந்து திரும்பி வந்தவர். அவர் இருந்த தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கூடலூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. மேலே சொன்ன ஒப்பந்தத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள். பல சமயம் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருக்கும். காகிதத்தில் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர், சனங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். தாத்தா சொன்னது இரண்டாவதாக இருந்தால் வரைபடத்தில் தேடிப் பயனில்லை, பஸ் ஸ்டாண்டில் வயதான டிரைவரிடம் கேட்க வேண்டும்.

வரும் முன் வீட்டில் இருக்கும் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாவற்றையும் பாருங்கள். தோட்டத்து டிவிசன் (பிரிவு) பெயர், ஆட்களை மேய்த்த பெரிய கங்காணியின் பெயர், பக்கத்து டவுன், கோயில் எந்தச் சாமிக்கு, லயத்துக்கு எதிரே ஆறா பாறையா என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவின் பட்டப்பெயரையும் மறக்காதீர்கள். ஒருவர் தாத்தாவின் முழுப்பெயரை வைத்துக்கொண்டு எங்கள் தோட்டத்தில் அரைநாள் அலைந்தார், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் "தப்புக்கார மாமான்னுதான் கூப்பிடுவாங்களாம்" என்றதும் கோயில் வாசலில் இருந்த பாட்டி எழுந்து வந்து அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "மூணாம் லயம், கடைசிக் காம்பரா" என்றார்.